புளோரன்ஸில் ஒரு பருவம்: ஓவிய, சிற்ப மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பழைய பாலத்தில் ஆர்னோ ஆற்றைக் கடந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் இடது கைப்பக்கம் ஒரு சின்னச் சதுக்கமும் அதன் உள்ளடங்கி சாந்தா ஃபெலிச்சித்தா தேவாலயமும் இருக்கும். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் முதல் சிற்றாலயம். நான் முதல் தடவை போன அன்று அங்கே ஒரே இருட்டு. கம்பித் தடுப்பை ஒட்டி ஒரு நாணயப் பெட்டி; காசு போட்டால் சில நிமிடம் விளக்கு எரியும். போட்டேன். போந்தோர்மோ 1525க்கும் 1528க்கும் இடையில் வரைந்த பலகை ஓவியம் கண்முன் வந்தது. இறந்த இயேசுவின் உடலைத் தாங்கிப் போகும் கூட்டம். சிலுவையைக் காணோம், ஏணியைக் காணோம், கால் ஊன்றத் தரைகூட அரைகுறைதான். எங்கும் வெளிறிய ரோஜா நிறமும் நீலமும். முன்னால் குந்தியிருக்கும் இளைஞன் கால்விரல் நுனியில் நின்றபடி அத்தனை கனத்தையும் சுமக்கிறான். முதல் கோட்டை எங்கே போடுவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை என் பையில் ஐம்பது சென்ட் நாணயங்கள் தனிப் பொட்டலமாகக் கிடந்தன. அந்தப் படத்தைப் பதினோரு முறை போய்ப் பார்த்தேன். ஆறாவது முறைதான் அந்த இளைஞனின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பிடிபட்டது.

ஒரு பருவம் என்பது பதினைந்து, பதினாறு வாரம். அதில் இரண்டு வாரம் காகித வேலையிலும் வீடு தேடுவதிலும் போகும், கடைசி வாரம் மூட்டை கட்டுவதில் போகும். மீதியில் இருநூறு படங்களை ஒருமுறை பார்ப்பதைவிட இருபது படங்களைப் பத்து முறை பார்ப்பதே ஓவியம் கற்பவருக்கு உதவும் என்பது என் திடமான எண்ணம். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த நேரத்தை உங்களுக்கு மீட்டுத் தருவதற்காகத்தான்.

முதல் படி: எந்த வாசல் வழியாகப் போவது

குறைந்தது எட்டு, பத்து மாதம் முன்பே இதை முடிவு செய்யுங்கள். மூன்று வாசல்கள் உண்டு.

ஒன்று, அரசுக் கலைக்கூடமான அக்காதேமியா தி பெல்லே ஆர்த்தி. இதன் வேர் 1563இல் ஓவியர் வசாரியின் முயற்சியில் புளோரன்ஸ் கோமகன் முதலாம் கோசிமோ தொடங்கிய ஓவியர் சங்கத்தில் இருக்கிறது. 1616இல் ஆர்த்தெமிசியா ஜெந்திலெஸ்கி அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1784இல் அப்போது ஆண்ட பெருங்கோமகன் பியெத்ரோ லியோபோல்தோ அதைப் பாடம் நடத்தும் கல்லூரியாக மாற்றி அமைத்தார். இதில் ஒரு பருவம் மட்டும் படிக்க வேண்டுமென்றால், உங்கள் கல்லூரிக்கும் அதற்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் பிளஸ் திட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தமாக இருந்தால் உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்புண்டு. ஆகவே முதலில் கேட்க வேண்டிய இடம் உங்கள் கல்லூரி அலுவலகம். பாடம் இத்தாலிய மொழியில் நடக்கும், கட்டணம் மிகக் குறைவு.

இரண்டாவது, புளோரன்ஸில் உள்ள தனியார் கலைப்பள்ளிகளும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கிளைகளும். 1975 முதல் நடக்கும் எஸ்.ஏ.சி.ஐ., சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மையம் போன்றவை. பாடம் ஆங்கிலத்தில், தங்குமிடமும் பெரும்பாலும் அவர்கள் ஏற்பாடு. செலவு பல மடங்கு.

மூன்றாவது, பழைய முறைப் பட்டறைகள். 1991இல் தொடங்கிய புளோரன்ஸ் அக்காடமி ஆஃப் ஆர்ட், சார்ல்ஸ் செசில் ஸ்டூடியோ ஆகியவை இந்த வகை. பிளாஸ்டர் வார்ப்புச் சிற்பத்தையும் ஆளையும் பக்கத்தில் நிறுத்தி, அதே அளவில் தாளில் இறக்கும் பயிற்சி. ஒரு சித்திரத்துக்கு வாரக்கணக்கில் உட்காருவார்கள். கை திருந்த வேண்டும் என்று நினைப்பவருக்கு ஏற்ற இடம் இதுதான். புதுமுறை ஓவியத்தில், நிறுவற்கலையில் (இன்ஸ்டலேஷன்) ஆர்வம் உள்ளவர்கள் முதல் வாசலையே தேடுங்கள்.

எந்த வாசலானாலும், புறப்படும் முன் ஒரு விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: அங்கே பெறும் கிரெடிட் இங்கே எத்தனையாகக் கணக்கில் வரும் என்பது. ஐரோப்பியக் கணக்கில் ஒரு பருவம் முழுச் சுமை என்றால் 30 கிரெடிட். திரும்பி வந்த பிறகு துறைத்தலைவர் மேசையில் இதைப் பேசித் தீர்ப்பது பெரும் பாடு.

இரண்டாம் படி: விசா

90 நாளுக்கு மேல் தங்கினால் டி வகை மாணவர் விசா. சேர்க்கைக் கடிதம், தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, திரும்பும் பயணத்துக்கான வழி எல்லாம் கேட்பார்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த நாளிலேயே விண்ணப்ப நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். கோடையில் அதற்கான கூட்டம் அதிகம்.

காப்பீடு பற்றி ஒரு கணக்கு. இத்தாலிய அரசு மருத்துவச் சேவையில் மாணவர்கள் விருப்பப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் 2024 முதல் அதன் கட்டணம் ஆண்டுக்கு 700 யூரோ. ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. நீங்கள் அக்டோபரில் கட்டினாலும் டிசம்பர் 31இல் முடிந்துவிடும். ஒரு பருவத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியார் காப்பீடே கட்டுப்படியாகும். அவசரத்துக்கு எங்கிருந்தாலும் 112.

மூன்றாம் படி: தங்க இடம்

விளம்பரத்தில் மூன்று சொற்களைத் தேடுங்கள். ஸ்தான்சா சிங்கோலா என்றால் தனி அறை, தோப்பியா என்றால் இருவர் அறை, போஸ்தோ லெத்தோ என்றால் கட்டில் மட்டும். நகருக்குள் தனி அறைக்கு 500 முதல் 700 யூரோ வரை கேட்பது சாதாரணம். ‘ஸ்பெசே எஸ்க்ளூசே’ என்று இருந்தால் மின்சாரம், எரிவாயு, தண்ணீர்க் கணக்கு தனி. குளிர்காலத்தில் அது கையைக் கடிக்கும். கப்பார்ரா என்பது முன்பணம், ஒன்று முதல் மூன்று மாத வாடகை.

ஒப்பந்தம் எழுத்தில், பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். “பதிவெல்லாம் எதுக்கு, ரொக்கமா குடுத்துடு, வாடகையில குறைச்சுக்கறேன்” என்று எனக்கும் ஒருவர் சொன்னார். நான் சம்மதித்துவிட்டேன். இரண்டு மாத முன்பணம் திரும்பவே இல்லை. கையில் ஒரு தாளும் இல்லாததால் யாரிடமும் போய்க் கேட்கவும் முடியவில்லை. அறையை நேரில் பார்க்காமல், அல்லது நம்பகமான ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லாமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். முதல் ஒரு வாரத்துக்கு விடுதியில் இடம் பிடித்துக்கொண்டு அங்கிருந்தபடி தேடுவதே பாதுகாப்பு.

எந்தப் பகுதி? ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஓல்த்ரார்னோவைத்தான் சொல்வேன். சாந்தோ ஸ்பிரித்தோ, சான் ஃப்ரெதியானோ தெருக்களில் சட்டம் செதுக்குபவர், முலாம் பூசுபவர், புத்தகம் கட்டுபவர் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. வாடகை அதிகமாகத் தெரிந்தால் டிராம் தடத்தை ஒட்டிப் புறநகரில் பாருங்கள்.

விலாசத்தில் ஒரு சிக்கல் உண்டு. புளோரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு எண் வரிசைகள் ஓடுகின்றன. வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீல எண், கடைகளுக்குச் சிவப்பு எண். சிவப்பைக் குறிக்க எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ எழுத்து வரும். 19 என்பதும் 19 ஆர் என்பதும் நூறு மீட்டர் தள்ளி இருக்கலாம். வந்த இரண்டாம் நாள் மழையில் ஒரு மணி நேரம் தவறான கதவைத் தட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

நான்காம் படி: பெட்டியில் என்ன

கற்பூரத் தைலம், டர்பன்டைன், வார்னிஷ் எதுவும் விமானத்தில் ஏறாது. அவற்றை அங்கே வாங்குங்கள். நல்ல தூரிகைகளை எடுத்துப் போங்கள், கைக்குப் பழகியவை என்பதால். தாள் வேண்டாம், 13ஆம் நூற்றாண்டிலிருந்து தாள் செய்துவரும் ஃபாப்ரியானோ ஊரின் பெயர் தாங்கிய தாள் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். மடிப்பில்லாத கெட்டி அட்டைச் சித்திர ஏடுகள் இரண்டு, உள்ளங்கையில் அடங்குகிற அளவில், கட்டாயம்.

குளிர் உடுப்பு: டிசம்பர், ஜனவரியில் இரவு பூஜ்யம் டிகிரி அருகே போகும். ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பதால் ஈரக் குளிர், எலும்புக்குள் இறங்கும். வீட்டு வெப்பமூட்டியைச் சட்டப்படி நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு அதிகபட்சம் 12 மணி நேரமே ஓட்டலாம். அக்டோபர் கடைசியில் குளிர் வந்தாலும் ஓடாது. தேவாலயங்களுக்குள் வெளியைவிடக் குளிர் அதிகம். நின்று வரைய வேண்டியவர்களுக்கு விரல் நுனி திறந்த கையுறையும் தடித்த அடி கொண்ட காலணியும் உண்மையான தொழிற்கருவிகள்.

ஐந்தாம் படி: முதல் எட்டு நாள்

இத்தாலிக்குள் நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் பெர்மெஸ்ஸோ தி சோஜ்ஜோர்னோ என்னும் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். பெரிய அஞ்சலகத்தில் ‘ஸ்போர்தெல்லோ அமீக்கோ’ என்று எழுதிய சாளரத்தில் இதற்கான உறை இலவசமாகத் தருவார்கள். படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, பாஸ்போர்ட் நகல், விசா நகல், சேர்க்கைச் சான்று, காப்பீடு, பணவசதிச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து, உறையை ஒட்டாமல் திறந்தபடியே கொடுக்க வேண்டும். அவர்கள் சரிபார்த்துத்தான் ஒட்டுவார்கள். 16 யூரோ மார்க்கா த போல்லோ முத்திரைத்தாளை அஞ்சலகத்தில் அல்ல, ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் வாங்க வேண்டும். ஓராண்டுக்குள் அடங்கும் தங்கலுக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்து 116 யூரோ அளவில் வரும்.

அங்கே தரும் ரசீதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருங்கள். அதில் குவெஸ்துரா என்னும் காவல் தலைமையகத்துக்கு விரல்ரேகை வைக்க வர வேண்டிய நாள் இருக்கும். அது இரண்டு மாதம் தள்ளிக்கூட விழலாம். அட்டை கைக்கு வருவதற்குள் பருவமே முடிந்துவிடலாம். விசாவும் காலாவதியாகி, கையில் ரசீது மட்டும் இருந்தால் பிராங்ஃபர்ட், பாரிஸ் வழியாக ஊர் திரும்பாதீர்கள். ஐரோப்பியப் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்கு வெளியே உள்ள தோஹா, துபாய் போன்ற ஊர் வழியாகப் பயணச்சீட்டு எடுங்கள்.

கூடவே வரித்துறை அலுவலகத்தில் கோதிச்சே ஃபிஸ்காலே எண்ணை வாங்கிவிடுங்கள். இலவசம். வாடகை ஒப்பந்தம், சிம் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாமே இதைக் கேட்கும்.

ஆறாம் படி: வகுப்பும் தேர்வும்

அக்காதேமியாவில் பேராசிரியர் வாரம் ஒன்றிரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் பட்டறை உங்கள் கையில். யாரும் வந்து ஏன் வரையவில்லை என்று கேட்க மாட்டார்கள். நம் ஊர் வருகைப் பதிவேட்டில் பழகியவருக்கு முதல் மாதம் தத்தளிப்பாக இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர் முன் வையுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

தேர்வு பெரும்பாலும் வாய்மொழி. 30க்கு மதிப்பெண், 18 வந்தால் தேர்ச்சி, மிகச் சிறப்பு என்றால் ‘த்ரெந்தா எ லோதே’. கலை வரலாற்றுப் பாடத்தில் படத்தை முன்னால் வைத்துப் பேசச் சொல்வார்கள். ஆண்டு, பெயர் சொல்லி நிறுத்தினால் போதாது. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, ஏன் இந்த உருவம் இங்கே என்று கண் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஒரே படத்திடம் பலமுறை போனவருக்கு இதில் பயமே இருக்காது.

ஏழாம் படி: பார்ப்பதும் வரைவதும்

இங்கேதான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கட்டணம். 18 முதல் 25 வயதுக்கான 2 யூரோ சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. நம் பாஸ்போர்ட்டுக்கு இல்லை. ஆனால் அக்காதேமியா தி பெல்லே ஆர்த்தியின் மாணவர்களுக்கு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். உஃபிசி, பார்ஜெல்லோ, சான் மார்க்கோ, தாவீது சிலை நிற்கும் கல்லேரியா எல்லாம் இதில் அடங்கும். அந்த ஆண்டின் பெயர்ப்பதிவுச் சான்றைக் கல்லூரியில் அச்சிட்டு முத்திரையோடு வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள். மற்றவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவச நாளைப் பயன்படுத்தலாம், கூட்டம் நெரியும். சிற்றாலயங்களைப் பார்க்கக் காசே வேண்டாத தேவாலயங்கள் பல உண்டு: சாந்தா ஃபெலிச்சித்தா, சாந்தா த்ரினித்தா, போத்திச்செல்லியின் கல்லறை இருக்கும் ஓஞ்ஞிசாந்தி. உஃபிசியும் கல்லேரியாவும் திங்கட்கிழமை மூடல். சான் மார்க்கோவுக்குக் காலையில் போங்கள், பிற்பகலை நம்ப வேண்டாம்.

பென்சிலும் சின்ன ஏடும் வைத்து நின்றபடி வரைவதை எங்கும் அனுமதிக்கிறார்கள் என்பது என் அனுபவம். மை, நீர்வண்ணம், மடக்கு நாற்காலி, தாங்கி எல்லாம் தனி அனுமதி இல்லாமல் கூடாது. காவலரிடம் “போஸ்ஸோ திசெஞ்ஞாரே?” என்று கேளுங்கள், வரையலாமா என்று அர்த்தம். கேட்டவரை மறுவாரம் அவர்களே அடையாளம் கண்டு வணக்கம் சொல்வார்கள். வழிபாடு நடக்கும்போது ஏட்டை மூடி உட்கார்ந்திருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? சாந்தா மரியா நொவெல்லாவில் மசாச்சோவின் திரித்துவ ஓவியத்திலிருந்து. 1420களின் பிற்பாதியில் வரைந்தது. பத்தடி தள்ளி நின்றால் சுவருக்குள் ஒரு மண்டபம் குடைந்ததுபோல் தெரியும். பிறகு பக்கவாட்டில் நெருங்கி, சாய்ந்த பார்வையில் சுவரைப் பாருங்கள். வளைவுக் கூரையின் கோடுகள் காரையில் பள்ளமாக இருக்கும். ஈரக் காரையில் நூலை இழுத்துப் பதித்த தடம் அது. மரியாளின் முகத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் கீறியிருக்கும். சிறிய சித்திரத்தைப் பெரிதாக்க அவர் போட்ட கட்டம். அறுநூறு ஆண்டு ஆகிறது, கட்டம் அழியவில்லை. கட்டம் போட்டு வரைவது தாழ்வு என்று எனக்கு யாரோ சொல்லி மனத்தில் பதிந்திருந்தது. அந்தச் சுவர் முன் நின்றபோது அது போயிற்று.

அடுத்தது சாந்தா த்ரினித்தாவில் கிர்லாந்தாயோ 1480களில் வரைந்த சசெத்தி சிற்றாலயம். அதில் செத்துப்போன சிறுவன் எழுந்து உட்காரும் காட்சி ஒன்று. பின்னணியில் ஒரு சதுக்கம், இடது பக்கம் ஒரு மாளிகை. பார்த்துவிட்டு வாசலுக்கு வெளியே வந்தால் நீங்கள் நிற்பது அதே சதுக்கம், அந்த மாளிகையும் எதிரிலேயே நிற்கிறது. கிர்லாந்தாயோ எதை அப்படியே வைத்தார், எதை நகர்த்தினார் என்று இரண்டையும் வரைந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு முழு நாளுக்கான பாடம்.

பார்ஜெல்லோவில், ஞானஸ்நான ஆலயத்தின் கதவைச் செய்யும் வேலைக்காக 1401இல் நடந்த போட்டிக்குச் செய்த இரண்டு வெண்கலத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே கதை: ஈசாக்கைப் பலியிடப் போகும் ஆபிரகாம். ஒன்று புருனெல்லெஸ்கி, இன்னொன்று கிபெர்த்தி. புருனெல்லெஸ்கி உருவங்களைத் தனித்தனியாக வார்த்துத் தகட்டில் பொருத்தினார். கிபெர்த்தி பெரும்பகுதியை ஒன்றாகவே, உள்ளீடற்று வார்த்தார். அவர் தகடு ஏழு கிலோ அளவு எடை குறைவு. அத்தனை வெண்கலம் மிச்சம் என்றால் பணம் மிச்சம். வேலை கிபெர்த்திக்குப் போனது. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பைப் பார்த்தவர்கள் இந்த இரண்டுக்கும் முன்னால் அரை நாள் நிற்பார்கள்.

சிற்ப மாணவர்கள் மைக்கேலாஞ்செலோவின் தாவீதைத் தாண்டி, அதற்குப் போகும் வழியில் இருக்கும் அவருடைய முடிவுறாத கைதிச் சிலைகளைப் பாருங்கள். தாவீது 5.17 மீட்டர் உயரத்தில் மெருகேறி நிற்கிறது. எப்படிச் செய்தார் என்று அது சொல்லாது. கைதிகள் சொல்லும். கூர் உளியான சுப்பியாவின் ஆழ வரிகள், அதன் மேல் பல்லுளியான கிரதீனாவின் குறுக்கு வரிகள். பென்சிலால் நிழல் போடுவதுபோலவே கல்லின் வடிவத்தைச் சுற்றி உளி போயிருக்கிறது.

சான் மார்க்கோ மடத்தில் ஃப்ரா ஆஞ்செலிக்கோ துறவிகளின் அறைகளில் வரைந்தவற்றைத் தனியாகப் போய்ப் பாருங்கள், நண்பர்களோடு வேண்டாம். அதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

எட்டாம் படி: கைக்குப் பொருள்

கத்தீட்ரலுக்கு அருகே வியா தெல்லோ ஸ்தூதியோவில் ட்செக்கி என்ற கடை இருக்கிறது. கண்ணாடி ஜாடிகளில் நிறமிப் பொடி: சியன்னா மண், வெரோனாப் பச்சை மண், லாபிஸ் நீலம். கிராம் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். முயல்தோல் பசை, போலோஞ்ஞா சுண்ணக்கட்டி, தங்க ரேக்கு எல்லாம் கிடைக்கும். ஒரு பருவத்தில் ஒரே ஒரு பலகையையாவது பழைய முறையில் நீங்களே தயாரித்து, முட்டை மஞ்சள் கருவில் நிறமி குழைத்து வரையுங்கள். எட்டு அடுக்குச் சுண்ணத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது, உஃபிசியில் பார்க்கும் ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் இருக்கும் உடலுழைப்பு தோளில் தெரியும்.

சாந்தோ ஸ்பிரித்தோ பக்கம் ஒரு முலாம் பூசும் பெரியவர் என்னைப் பட்டறைக்குள் உட்கார விட்டார். தட்டைத் தூரிகையை முதலில் தன் கன்னத்தில் ஒருமுறை தடவினார். தோலின் எண்ணெய்ப் பசையில் தங்க ரேக்கு ஒட்டி எழுந்தது. செம்மண் பூச்சில் தண்ணீர் தொட்டு ரேக்கை விட்டார், அது தானாகவே உறிஞ்சிக்கொண்டது. காய்ந்த பிறகு அகேட் கல்லால் தேய்க்கத் தேய்க்க, தாள் போல் இருந்த தங்கம் உலோகமாக மாறியது. தஞ்சாவூர் ஓவியத்தில் நாம் சுண்ணப் பசையில் புடைப்பு எழுப்பி அதன் மேல் தகட்டை ஒட்டுகிறோம். கீழே செம்மண்ணும் இல்லை, கல் தேய்ப்பும் இல்லை. இரண்டையும் கையால் செய்து பார்த்தவருக்குத்தான் பொன்னின் நிறம் ஏன் வேறுபடுகிறது என்று விளங்கும்.

சுவரோவியப் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். முதலில் மணல் கலந்த கரடு காரை, அதில் செங்காவியால் சித்திரம். அதற்கு மேல் அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும் மெல்லிய காரை. அந்த ஒரு நாள் பரப்புக்கு ஜோர்னாத்தா என்று பெயர். தண்ணீரில் கலந்த நிறமியை ஈரத்தில் வைக்கிறோம்; சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாகும்போது நிறமும் அதற்குள் சிறைப்படுகிறது. காய்ந்த பிறகு திருத்த முடியாது, வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் பூச வேண்டும். நல்ல சுவரோவியத்தில் இரண்டு நாள் பரப்புகள் சேரும் தையலைப் பக்க வெளிச்சத்தில் பார்க்கலாம். அதைத் தேடக் கற்றுக்கொண்ட பிறகு ஒவ்வொரு சுவரும் ஒரு நாட்குறிப்பாகத் தெரியும்.

புளோரன்ஸில் நடக்கும்போது சுவர்களில் தலைக்கு மேல் ஒரு சின்னக் கல்வெட்டும் கோடும் கண்ணில் படும். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்தது என்று எழுதியிருக்கும். சாந்தா குரோச்சேயில் சிமாபுவே வரைந்த சிலுவையின் வண்ணத்தில் 60 சதவீதம் அந்த வெள்ளத்தோடு போனது. உலகம் முழுவதிலிருந்தும் வந்த இளைஞர்கள் சேற்றிலிருந்து நூல்களையும் படங்களையும் கைமாற்றி எடுத்தார்கள். ஊர் அவர்களைச் சேற்றுத் தேவதைகள் என்று அழைக்கிறது. அழிவுக்குப் பின் வளர்ந்த காப்புக்கலையின் மையம் 1588இல் புளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் காலத்தில் கல்பதிப்புப் பட்டறையாகத் தொடங்கிய ஓப்பிஃபிச்சியோ தெல்லே பியெத்ரே தூரே. அதன் சிறிய அருங்காட்சியகத்தை அவசியம் பாருங்கள். சுவரிலிருந்து ஓவியத்தை உரித்தெடுக்கும் கலை அவர்களுக்கு நன்றாகக் கைவந்தது. தஞ்சைப் பெரிய கோயிலிலும் மேலடுக்கு நாயக்கர் ஓவியங்களை உரித்தெடுத்துத்தான் அடியில் இருந்த சோழர் ஓவியங்களை வெளிக்கொணர்ந்தார்கள். காப்புக்கலையில் மேற்படிப்புக்கு எண்ணமுள்ளவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து யோசியுங்கள்.

ஒன்பதாம் படி: சாப்பாடும் சில்லறையும்

புளோரன்ஸ் இருக்கும் தோஸ்கானா வட்டாரத்து ரொட்டியில் உப்பு இருக்காது. முதல் வாரம் நாக்கு ஏமாறும், பிறகு பழகும். பழைய ரொட்டியும் கீரையும் பீன்ஸும் போட்டுக் காய்ச்சும் ரிபொல்லித்தா, தக்காளியில் ஊறிய பப்பா அல் பொமொதோரோ இரண்டும் நம் வாய்க்குச் சேரும். சைவர்கள் இறைச்சிச் சாறு ஊற்றியதா என்று கேட்டுவிடுங்கள்; பார்மெசான் பாலாடைக்கட்டியிலும் கன்றின் வயிற்று உறைபொருள் உண்டு. அசைவர்களுக்குத் தெருவண்டியில் லம்ப்ரெதொத்தோ, மாட்டின் நான்காம் வயிற்றை வேகவைத்து ரொட்டிக்குள் வைத்தது. போட்டி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் கொண்டாடுவார்கள். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளுக்கு ரயில் நிலையம், சான் லோரென்சோ பக்கம் தெற்காசியக் கடைகள். காய்கறிக்கு சாந்தாம்ப்ரோஜோ சந்தை. சேர்க்கை பெற்றவர்கள் பல்கலைக்கழக உணவகமான மென்சாவின் அட்டைக்கும் விண்ணப்பியுங்கள்.

பத்தாம் படி: வெளியூர்

வார இறுதியில் பாரிஸ், பார்சலோனா என்று பறக்காதீர்கள். மலிவான உள்ளூர் ரயிலில் அரெத்சோ போங்கள்; பியெரோ தெல்லா ஃப்ரான்செஸ்காவின் மெய்ச்சிலுவைக் கதை சான் ஃப்ரான்செஸ்கோ தேவாலயத்தில் இருக்கிறது. சியெனாவில் அம்ப்ரோஜோ லோரென்செத்தி 1338-39இல் வரைந்த நல்லாட்சி, கொடுங்கோலாட்சி சுவர்கள். சிற்பிகள் பளிங்குக்கல் வெட்டும் கர்ராரா மலைக்கு. தாள் பயணச்சீட்டானால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், இல்லையென்றால் அபராதம்.

கடைசிப் படி: திரும்புவது

டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எண்ணெய் வண்ணமும் அந்தக் குளிரில் மெதுவாகத்தான் காயும். ஆகவே பெரிய எண்ணெய் ஓவியங்களைப் பன்னிரண்டாம் வாரத்தோடு நிறுத்திவிட்டு, மீதி நாட்களைச் சித்திரத்துக்கும் முட்டை வண்ணத்துக்கும் ஒதுக்குங்கள்.

துணியைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெரிந்து வெடிக்கும். குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது, இடையில் பட்டர் தாள். கரித்துண்டுச் சித்திரங்களுக்கு நடுவே வழவழப்பான தாள் வைத்து இரண்டு அட்டைக்கு இடையில் கட்டுங்கள். சித்திர ஏடுகளைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். என் ஏட்டில் சாந்தா ஃபெலிச்சித்தா பக்கங்கள் பதினொன்று. முதல் பக்கத்தில் ஒரு தோளும் பாதிக் கழுத்தும் மட்டும் இருக்கிறது.